வில்லங்கம் சுத்தமாக இருந்தால் போதுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா பாருங்கள். தமிழ்நாட்டில் 60 லட்ச ரூபாய்க்கு ஒரு தனி வீடு பார்த்திருக்கிறீர்கள். விற்பவருக்கு அது அப்பா வழியாக வந்த வீடு. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை, பட்டாவும் அவர் பெயரில் இருக்கிறது. பத்தே நாளில் பதிவை முடித்துவிடலாம் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். "கவர்ன்மென்ட் ஆபீஸிலேயே பதிந்து கொடுத்துவிட்டால் வீடு என்னுடையதுதானே, அப்புறம் எதற்கு வக்கீல் செலவு?" என்கிறீர்கள். செலவைப் பற்றிக் கேட்டிருந்தாலும், சார்பதிவாளர் வைக்கும் முத்திரை எதற்கு உத்தரவாதம் என்பதுதான் இதில் உள்ள கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

வங்கிகளுக்கும் தனி ஆட்களுக்கும் சொத்துப் பத்திரம் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதுவதுதான் பல வருடமாக என் பிழைப்பு. அதை வைத்துச் சொல்கிறேன்: பதிவு செய்யாமல் வீடு உங்களுடையதாகாது. பதிவு செய்த ஒரே காரணத்தாலும் ஆகிவிடாது. முதல் பாதிக்கு ஆதாரம் 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவு. நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறும் அசையாச் சொத்தை விற்க, பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்கிறது அது. இரண்டாம் பாதிதான் பலருக்கும் தெரியாது. சார்பதிவாளர் பார்ப்பது, எழுதிக்கொடுத்தவர் நேரில் வந்தாரா, ஆள் அவர்தானா, கையெழுத்தை ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டியிருக்கிறதா என்பவை போன்ற விஷயங்களை. விற்பவருக்கு அந்த வீட்டில் உண்மையிலேயே உரிமை உண்டா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கே.கோபி வழக்கில் இதைப் பச்சையாகவே சொன்னது. மூலப்பத்திரத்தை, அதாவது விற்பவருக்கு அந்தச் சொத்து வந்து சேர்ந்த முந்தைய பத்திரத்தை, பதிவின்போது காட்டியே ஆகவேண்டும் என்றிருந்த தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ உட்பிரிவு ஒன்றைச் செல்லாது என்று தள்ளிய வழக்கு அது. எந்தெந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்ல வேண்டும் என்ற விதிகள் அவ்வப்போது மாறும், பதிவுக்கு முன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எந்த விதி வந்தாலும் சார்பதிவாளர் நீதிபதியாகிவிட மாட்டார். ஒருவர் தன்னிடம் இருக்கும் உரிமையைத்தான் விற்க முடியும். அவரிடம் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது என்றால், முழு வீட்டுக்கும் பத்திரம் பதிந்தாலும் உங்களுக்கு வந்து சேர்வது ஐந்தில் ஒரு பங்குதான்.

வில்லங்கச் சான்றுக்கு வருவோம். அந்தச் சொத்தைப் பற்றிப் பதிவு அலுவலகத்துக்கு என்ன தெரியும் என்பதன் பட்டியல் அது, அவ்வளவுதான். நீங்கள் கேட்ட வருடங்களுக்குள் பதிவான கிரையம், அடமானம், செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் குடும்பத்தாருக்கு எழுதிக்கொடுப்பது), பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) எல்லாம் வரிசையாக வரும். எதுவும் இல்லையென்றால் இல்லை என்றே சான்று தருவார்கள். இதில் முதலில் நான் பார்ப்பது சொத்து விவரத்தை அல்ல, தேடிய வருடங்களை. பதினைந்து வருடத்துக்கு மட்டும் எடுத்த சான்றைக் காட்டி "சுத்தம்" என்பார்கள். குறைந்தது முப்பது வருடத்துக்காவது எடுங்கள். அடமானத்தை மீட்க வழக்குப் போடும் காலவரம்பு, 1963ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி, முப்பது வருடம். அடுத்தது புல எண், அதாவது சர்வே நம்பர். இடையில் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணிலும் தேட வேண்டும். புது எண்ணில் மட்டும் தேடினால் சொத்தே அன்றுதான் பிறந்தது போலத் தெரியும்.

இனி, வில்லங்கச் சான்றில் ஏறாதவை. உயில் ஏறாது. உயிலைப் பதிவு செய்வதே கட்டாயம் இல்லை. வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை ஏறாது. பதியாத ஒப்பந்தத்தில் இருக்கும் வாடகைக்காரர் ஏற மாட்டார். நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருப்பது பெரும்பாலும் ஏறியிருக்காது. ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி அந்த வழக்கின் தீர்ப்பு உங்களையும் கட்டும், உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் போட்டுத் தேடிப் பாருங்கள். பெயரின் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் இப்போதெல்லாம் வில்லங்கத்தில் ஏறிவிடுகிறது, பழைய கடன்கள் பல ஏறியதில்லை. வங்கிகள் தங்கள் அடமானங்களைப் பதியும் செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு 2011 முதல் இருக்கிறது, கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடலாம். இருந்தாலும் இதற்கெல்லாம் மேலான சோதனை ஒன்றுதான்: அசல் மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பது. ஜெராக்ஸ் காட்டி, "ஒரிஜினல் தங்கச்சி வீட்டில் இருக்கிறது, பதிவு அன்றைக்குக் கொண்டுவருகிறேன்" என்று சொன்னால், அந்தத் தங்கச்சி வீடு பல சமயம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியாக இருக்கும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது, "அப்பா வழியாக வந்த வீடு" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பது. எப்படி வந்தது? அப்பா உயிரோடிருக்கும்போது செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்தாரா, உயில் எழுதினாரா, ஒன்றும் எழுதாமல் இறந்துவிட்டாரா? மூன்றுக்கும் மூன்று பாதை. ஒன்றும் எழுதாமல் இறந்திருந்து, குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்றால், மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவருடைய தாய் ஆகிய எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். மகளுக்குக் கல்யாணத்தில் நகை போட்டுவிட்டோம் என்பது சட்டத்தில் பங்கு கொடுத்ததாக ஆகாது. பிற மதத்தவருக்குக் கணக்கே வேறு.

இந்தத் தாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை ஒருவர் என்னிடம் கொண்டுவந்த பத்திரக் கட்டில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. 1986ஆம் வருடத்துக் கிரையப் பத்திரம் அசல், முப்பது வருட வில்லங்கம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் இருந்தன. வாரிசுச் சான்றில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று நாலு பேர். நாலு பேரும் கையெழுத்துப் போடத் தயார். ஒப்பீனியன் எழுத உட்காரும் நேரத்தில் அவர் பேச்சுவாக்கில், "ரொம்ப நல்ல குடும்பம் சார், வீட்டில் ஒரு பாட்டி இருக்காங்க, இறந்தவரோட அம்மாவாம், எங்களை உட்கார வெச்சு மோர் கொடுத்தாங்க" என்றார். பேனாவை மூடி வைத்தேன். அந்தப் பாட்டிக்கு ஐந்தில் ஒரு பங்கு. அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கியிருந்தால், பாட்டி காலமான பிறகு அந்த ஐந்தில் ஒரு பங்கு அவருடைய மற்ற மகன், மகள்களுக்கும் பிரிந்து போகும். அதாவது விற்றவர்களின் பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் உங்கள் கூட்டாளிகள். நல்லவேளை, பாட்டி நடமாட்டத்தோடு இருந்தார், வந்து கைநாட்டு வைத்தார். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று உறவைக் காட்டும் காகிதம்தான், பங்கைத் தீர்மானிப்பதில்லை. அதில் பெயர் விட்டுப்போனதால் ஒருவருடைய உரிமை போய்விடாது.

வாரிசுகளில் பதினெட்டு வயது ஆகாத பிள்ளை இருந்து, அந்தப் பிள்ளையின் பங்கையும் அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள் என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருந்து, பவர் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருந்தால், அந்தப் பவர் பதிவானதா, விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதியிருக்கிறதா, கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். சாதாரணமாக, கொடுத்தவர் இறந்தால் பவரும் அதோடு போய்விடும். பவரும் ஒப்பந்தமும் மட்டும் எழுதி வாங்கி, "இதுவே விற்பனை மாதிரிதான்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது விற்பனை ஆகாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்துவிட்டது.

பட்டாவைப் பற்றிப் பல சண்டைகள் பார்த்திருக்கிறேன். "பட்டா என் பேர்ல இருக்கு சார், வேற என்ன வேணும்?" என்பார்கள். பட்டா வருவாய்த் துறையின் ஆவணம், பத்திரம் பதிவுத் துறையின் ஆவணம். வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 1980களில் தமிழ்நாடு முழுக்க நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது ஏறிய பிழைகளில் பல இன்னும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பட்டாவை அலட்சியமாகவும் விடக்கூடாது. பத்திரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் 2,180 என்று இருந்தால், குறையும் 220 சதுர அடி எங்கே போயிற்று என்று பதில் கிடைக்கும் வரை பணம் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டியிருக்கலாம், ரோட்டுக்குப் போயிருக்கலாம், வெறும் எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம்.

இதற்குச் சொத்து விவரத்தை விரலை வைத்துப் படிக்க வேண்டும். நம் பத்திரங்களில் நான்கெல்லையும் கிழமேல், தென்வடல் அளவும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். அதனால் மூன்று மாடிக் கட்டடம் நிற்கும் இடத்தைப் பத்திரம் இன்னும் "காலி மனை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதில் ஆபத்து இல்லை. எழுத்து எங்கே மாறியது என்பதில்தான் ஆபத்து. 1978ஆம் வருடப் பத்திரத்தில் கிழக்கு எல்லை "பொதுவில் 10 அடி நடைபாதை" என்றிருந்து, 2009இல் எழுதியதில் அதுவே "20 அடி ரோடு" ஆகியிருந்தால், அந்த அதிகப்படி பத்து அடியை யார் கொடுத்தார்கள்? டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள், முடிந்தால் சர்வேயரை வைத்து. மூலப்பத்திரங்களை எல்லாம் தேதிவாரியாக அடுக்கி, ஒன்றில் எழுதி வாங்கியவர்தான் அடுத்ததில் எழுதிக் கொடுப்பவராக இருக்கிறாரா என்று பாருங்கள். இது வக்கீல் இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய வேலை. சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கேதான் வக்கீல் தேவைப்படுவார். கூடவே, கட்டட வரைபட அனுமதியையும் கேளுங்கள். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி இரண்டு மாடி கட்டிய வீடுகள் நிறைய.

முன்பணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதுங்கள், எழுதினால் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரைய ஒப்பந்தத்துக்கும் பதிவு கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தைக் காட்டியும், பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்லி வழக்குப் போடலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான், ஆனால் பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும், விற்பவர் இன்னொருவரிடம் சத்தமில்லாமல் கைமாற்ற முடியாது. ஒப்பந்தத்தால் மட்டும் வீட்டில் உங்களுக்கு உரிமை வராது என்பதையும் அதே 54ஆவது பிரிவு சொல்கிறது. உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் முழுதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி இருக்கட்டும். தரகர்கள் அச்சடித்து வைத்திருக்கும் படிவத்தில் இந்த வரி இருப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் குறித்த காலத்துக்குள் விற்பவர் பத்திரம் எழுதித் தராவிட்டால் வழக்குப் போட மூன்று வருடம் உண்டு, அதற்காகச் சும்மா இருக்காதீர்கள். பணத்தோடு தயாராக இருந்தேன் என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும்.

பணம் கொடுப்பது எல்லாம் வங்கி வழியாகவே நடக்கட்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதம் ஆகலாம். விலை 50 லட்சத்தைத் தொட்டுவிட்டதால், கொடுக்கும்போதே ஒரு சதவீதம், அதாவது 60,000 ரூபாய், பிடித்து விற்பவரின் பான் எண்ணில் வருமான வரியாகக் கட்டுவது உங்கள் பொறுப்பு. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடிக்க வேண்டியது இதைவிட மிக அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு என்று 2023 ஏப்ரல் முதல் ஒன்பது சதவீதம். 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய். இவ்வளவு கட்டுகிறவர், பத்திரம் பார்க்கும் வக்கீல் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க நினைப்பது எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை (என் பிழைப்பைப் பற்றி நானே பேசுகிறேன், அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்). வங்கிக் கடன் வாங்கினால் வங்கியின் வக்கீலும் பார்ப்பார். ஆனால் அவர் பார்ப்பது வங்கி கொடுக்கும் கடனுக்குப் பாதுகாப்பு உண்டா என்று. நீங்கள் கையிலிருந்து போடும் பணம் அவர் கணக்கில் இல்லை.

இதைப் படிப்பவர்களில் விற்பவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு ஒன்று. விலை "கொடுத்தோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ" விற்பது இரண்டுமே சட்டத்தில் விற்பனைதான். முழுத்தொகையும் வந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பாக்கிக்கு வாங்கிய செக் திரும்பிவிட்டால், பத்திரம் தானாக ரத்தாகாது. பாக்கிக்காக அந்தச் சொத்தின் மேல் உங்களுக்குப் பொறுப்புரிமை, அதாவது பாக்கியை அந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கும் உரிமை, உண்டு, ஆனால் வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். பணம் கணக்கில் ஏறியதை போனில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த குறையை மறைக்காதீர்கள், சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு அதைச் சொல்லும் கடமையை உங்கள் மேல்தான் வைத்திருக்கிறது.

பதிவு முடிந்த பிறகு எல்லோரும் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து உங்கள் பத்திரம் சேரும்படி புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுங்கள். புல எண்ணில் ஒரு இலக்கம் தவறியிருந்தால் அன்றே தெரியும். விற்றவர் ஊரில், உயிரோடு, முகம் கொடுத்துப் பேசும் நிலையில் இருக்கும்போதே பிழை திருத்தல் பத்திரம் எழுதிக்கொள்வது சுலபம். இருபது வருடம் கழித்து அவருடைய பேரப் பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டாம். பட்டா மாற்றம், சொத்து வரி, மின் இணைப்பு பெயர் மாற்றம் எல்லாம் அதன் பிறகு.

இவ்வளவும் பொதுவாகச் சொன்னது. காகிதங்களைப் பார்க்காமல் இந்த வீட்டை வாங்கலாம், கூடாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நானும் சொல்ல மாட்டேன். விற்பவரின் அப்பா எந்த வருடம் இறந்தார், அந்த நாளில் அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா, அப்பாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள், வீடு அவர் சம்பாதித்து வாங்கியதா, அவருடைய அப்பாவிடமிருந்து வந்ததா என்று கேட்டு இங்கே எழுதுங்கள், யார் யார் கையெழுத்து வேண்டும் என்று சொல்கிறேன். தரகரிடம் கேட்காதீர்கள், விற்பவரிடமே கேளுங்கள், முடிந்தால் அக்கம்பக்கத்திலும். அதுவரை டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு பைசா கூடக் கொடுக்க வேண்டாம்.